கழற்றி வந்த பூட்டு

கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மழையில் துருப்பிடித்த இரும்புப் பூட்டு. சோப்புப் போட்டுக் கை கழுவியும் உள்ளங்கையில் துரு வாடை போகவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் கழிப்பறைக் கதவில் தொங்கியது. இன்று சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு நானே திறந்து கழற்றி எடுத்து வந்துவிட்டேன். யாரிடமும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தால் உன் முகம்தான் வருகிறது. நீ இருந்திருந்தால் போன் போட்டிருப்பேன். சிரித்திருப்பாய், அப்புறம் திட்டியிருப்பாய். இரண்டும் எனக்கு வேண்டியிருக்கிறது.

பி.எட். படித்தபோது கற்பித்தல் பயிற்சிக்கு நம் இரண்டு பேரையும் கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 2006 என்று நினைக்கிறேன். எனக்குச் சிதம்பரத்திலேயே வீடு. நீ குறிஞ்சிப்பாடிக்காரி, விடுதியில் தங்கியிருந்தாய். காலையில் பேருந்து நிலையத்தில் சந்தித்துக் கடலூர் பஸ் ஏறுவோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்குக்குக் கொண்டுபோனால் நாம் இறங்குகிற இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். நீ அதற்குள் ஒரு பாட்டில் தண்ணீரை முக்கால்வாசி காலி செய்திருப்பாய். கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கழுவி வைத்திருந்தாய், அதில் மடக் மடக்கென்று சத்தம் வரக் குடிப்பாய். போதும்டி, அங்கே எங்கே போவாய் என்று கேட்டால், "போறப்ப பாத்துக்கலாம்" என்பாய்.

போவதுதான் அங்கே பிரச்சினை. மைதானத்து மூலையில் கழிப்பறை இருந்தது, சுண்ணாம்பு அடித்துக் கதவெல்லாம் போட்டு. கதவில் பூட்டு. சாவி தலைமையாசிரியர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அந்த அறையில் எந்நேரமும் ஆண் வாத்தியார்கள் மூன்று பேராவது பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போய், அவருக்குப் பின்னால் கையை நீட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க மைதானத்தைக் கடக்க வேண்டும். எனக்கு நினைத்தாலே காது சூடாகிவிடும். அங்கே இருந்த ஒரே டீச்சரம்மா முதல் நாளே நம்மைத் தனியாகக் கூப்பிட்டு உபதேசம் செய்தார்கள். "காலையில தண்ணி குடிக்காம வந்துடுங்கம்மா. பழகிடும்."

எனக்கு உடனே பழகிவிட்டது. வெட்கப்படுவதற்கு என்னைவிடத் தோதான ஆள் அந்த ஜில்லாவிலேயே கிடையாது. மத்தியானச் சாப்பாட்டைக்கூட இரண்டு மடக்குத் தண்ணீரில் முடித்துக்கொண்டேன். சாயங்காலம் பஸ்ஸில் அடிவயிறு வலித்தால் உன் தோளில் சாய்ந்துகொள்வேன். நீ மட்டும் போனாய், தினமும். வணக்கம் சார் என்று சாவியை எடுத்து, வணக்கம் சார் என்று திரும்ப மாட்டினாய். கொஞ்ச நாளில் அவர்கள்தான் நீ வருகிறபோது பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பிள்ளைகளை முதலில் கவனித்ததும் நீதான். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இடைவேளையில் ஜோடி ஜோடியாகச் சுவருக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதருக்குப் போவார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி தாவணியை விரித்துப் பிடித்துக்கொண்டு காவல் நிற்பாள். மாதத்தில் சில நாள் பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டார்கள். கேட்டால் வயிற்றுவலி என்பார்கள். திறந்து விடலாமே என்று டீச்சரம்மாவிடம் கேட்டாய். "தொறந்து வுட்டா நாறடிச்சிடுவாளுங்க" என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பயிற்சி முடியுமுன் பள்ளிச் சூழல் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும். கட்டடம், மரங்கள், குடிநீர், கழிப்பறை என்று தலைப்புப் போட்டு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் கல்லூரியில் வாங்க மாட்டார்கள், பயிற்சி மதிப்பெண் போய்விடும். எல்லோரும் போன வருஷத்து அக்காமார்களுடைய அறிக்கையைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான். 'கழிப்பறை வசதி உண்டு.' அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். நீ எழுதியிருந்தாய்: 'கழிப்பறை உண்டு. பூட்டியிருக்கிறது. மாணவிகள் புதருக்குப் போகிறார்கள்.'

அவர் அதைப் படித்ததும் அறையில் பேப்பர்கள் தாழ்ந்தன. நான் உன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதர் என்கிற வார்த்தையை ஆண்கள் இருக்கிற இடத்தில் எழுதிக் காட்டிவிட்டாளே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் கத்தவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு எழுதிக்கொண்டு வாம்மா, போட்டுத் தருகிறேன் என்றார்.

"அடிக்கிறது பெரிய விஷயம் இல்ல சார்," என்றாய். "நீங்க தொறந்துட்டீங்கன்னா இப்பவே அடிச்சிடுறேன். பூட்டி வச்சிக்கிட்டு அடிச்சா பொய்யாயிடும். அதுல உங்க கையெழுத்து வேற இருக்கும்."

அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிச் சாவியை எடுத்து மேசையில் போட்டார். "நீயே வச்சிக்க. நாறுச்சின்னா நீதான் பொறுப்பு." நீ அவர் பேனாவையே கேட்டு வாங்கி, அவர் கண் முன்னால் அந்த இரண்டு வாக்கியங்களையும் அடித்தாய்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் பிளீச்சிங் பவுடரும் வாளியுமாக நீதான் அலைந்தாய். பிள்ளைகள் முறைவைத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். நாறவில்லை. நானும் போனேன், முதல் தடவையாக. ஒருத்தி உன்னிடம் வந்து, "தெனமும் தொறந்திருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். நீ அவள் ரிப்பனைச் சரிசெய்தாய்.

அடுத்த வருஷம் அங்கே போன ஜூனியர்களிடம் விசாரித்தேன். பூட்டியிருக்கிறதாம், சாவி ஆணியில் தொங்குகிறதாம். உனக்குப் போன் செய்து சொன்னேன். நீ அப்போது வடலூரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்திருந்தாய். "சாவிய வாங்கினது தப்புடி. பூட்டையே தூக்கியாந்திருக்கணும்" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டுத் தாமதமாகத்தான் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். உன் அண்ணன் போன் செய்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு அரசு வேலை வந்தது அதற்குப் பிறகுதான். ஆர்டரைக் கையில் வாங்கியபோது, உனக்குச் சேர வேண்டியது முகவரி மாறி வந்துவிட்டதாகவே தோன்றியது.

சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். புதுக் கழிப்பறை, டைல்ஸ் போட்டது. பைப் ஒன்றை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று போன வருஷம் தலைமையாசிரியை பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நான் வாங்கி என் மேசை டிராயரில் சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அவ்வளவு சாதாரணமாக நடந்தது. பிள்ளைகள் வந்து நின்றால், இப்போதுதானே இன்டர்வெல் முடிந்தது என்று கேட்பேன். கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு மூன்று தரம் வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்களும் உண்டு. பார்த்தேன். பார்த்துக்கொண்டே நோட்டுத் திருத்தினேன். ஏன் பூட்டி வைக்கிறீர்கள் என்று சத்துணவு அமைப்பாளர் அம்மா ஒரு நாள் கேட்டபோது என் வாயிலிருந்து வந்த பதிலை உனக்கு எழுதக் கை வரவில்லை. உனக்குத் தெரிந்த பதில்தான், அந்த டீச்சரம்மா சொன்னது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை.

இந்த மாதம் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். ஒல்லியாக, சேலைக்குப் பழகாத நடை. இன்று மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நல்ல வெயில். அவளுக்கு விக்கல் எடுத்தது. என் பாட்டிலை நீட்டினேன்.

"வேணாம் மேடம்," என்றாள். "பகல்ல தண்ணி குடிக்கிறதில்ல. பழகிடுச்சி."

சொல்லிவிட்டு என் டிராயர் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. பயந்த பார்வை. ஒரு பெண்பிள்ளை என்னிடம் வந்து கேட்பதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். நான் அன்றைக்குத் தலைமையாசிரியர் அறையில் பேப்பர் படித்தவர்களைப் பற்றி எத்தனை வருஷம் எத்தனை பேரிடம் கேலியாகப் பேசியிருப்பேன். அவர்களாவது முகத்தை மறைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு வருஷமாக அதுகூடத் தோன்றவில்லை. சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அவளும் சூழல் அறிக்கை எழுதித் தந்திருக்கிறாள். தலைமையாசிரியைக்குப் போகுமுன் நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கழிப்பறை வசதி உண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். நான் எழுதிய அதே வரி. சாயங்காலம் பேனாவை மூடி வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். பூட்டு லேசில் திறக்கவில்லை, விரலில் சிராய்த்துவிட்டது.

நாளைக்குத் தலைமையாசிரியை கேட்பார்கள். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. உன்னை மாதிரிப் பேச எனக்கு வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இது என் பையிலேயே இருக்கும். வேறு பூட்டு வாங்கிப் போட்டால் அதையும் கழற்றிக்கொண்டு வருவேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் அறிக்கையில் காலையில் கையெழுத்துப் போடுவேன், கதவு திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு. இன்னொன்று, நீ நம்ப மாட்டாய். சாவி ஒரு வருஷமாக என் டிராயரிலேயே இருந்தும் நான் காலையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதில்லை. பாட்டிலை நிரப்பிப் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்குப் பஸ்ஸில் ஏறியதும் குடிக்க வேண்டும், சத்தம் வர.