கவிழ்த்து வைத்த கோப்பைகள்

12.6.2007, செவ்வாய்
கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் வலி. போதை ஊசி போடுபவர்களைப் பற்றிய என் ஆய்வுக்கு இதுவரை பதினோரு பேட்டி. எல்லாம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், சூளை நின்றுபோன பீங்கான் கொட்டகையில். வாசலில் பாஞ்சாலை அக்காவின் டீக்கடை. மதில்மேல் வரிசையாகக் கோப்பைகள். கோணல், காது உடைந்தது என்று கம்பெனிகள் கழித்துப் போட்டவை. குடித்தது நிமிர்ந்தும் கழுவியது கவிழ்ந்தும் இருக்கின்றன போல.

இருபத்தெட்டாம் கேள்வி: உயிரைக் காத்துக்கொள்ள ஏதாவது செய்கிறீர்களா? கேட்டால் சிரிக்கிறார்கள். பதினோரு பேருக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிட்டேன்.

14.6
இன்று திலீபன். களிமண் அரைவையில் வேலை பார்த்தவன். கையைக் காட்ட வெட்கப்பட்டான். என் தம்பி வயது.

19.6
நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் போனபோது அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். கவிழ்ந்திருந்த ஒரே கோப்பையை எடுத்து, அடுப்பிலிருந்த டீயை நானே ஊற்றிக் குடித்து, மற்றவற்றோடு நிமிர்த்தி வைத்தேன். கருப்பன் என்பவர் வந்தார், மதிலை ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார்.

அக்கா குடத்தோடு வந்தார். “திலீபன் எங்க? டீ குடிச்சிட்டுப் போயிட்டானா?” என்றார்.

அது நான் குடித்தது என்றேன்.

குடத்தைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினார். திலீபன் கிடந்தான். உதடு நீலம். எப்போதாவது ஒரு மூச்சு. அக்கா அவன் வாயில் வாய் வைத்து ஊதினார். அக்காவின் சத்தம் கேட்டுக் கருப்பன் ஆட்டோ கொண்டுவந்தார். அக்கா அதிலும் ஊதிக்கொண்டே போனார். கோப்பை கவிழ்ந்தே இருந்திருந்தால் அப்போதே உள்ளே போயிருப்பேன் என்றார் கருப்பன். ஐயோ, நான் என்ன செஞ்சிட்டேன். ஒரு வாய் டீக்கு —

20.6
கண் திறந்துவிட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா சொன்னார். ஆளுக்கு ஒரு கோப்பை. ஊசி போட உள்ளே போகிறவன் தன் கோப்பையைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்து தன் கையாலேயே நிமிர்த்தினால்தான் டீ. டீ கொதிக்கிற நேரம் தாண்டியும் கவிழ்ந்தே இருந்தால், பார்க்கிறவர் யாரானாலும் உள்ளே ஓட வேண்டும்.

“முன்ன நாலு பேரு செத்தாங்க. கோப்ப வெச்சப்பறம் மூணு வருசமா யாரும் சாவல” என்றார். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். யாருமில்லை. கழித்துப் போட்ட கோப்பைகளை வைத்து இவர்களே கண்டுபிடித்தது. மலைத்துப் போய் உட்கார்ந்துவிட்டேன். என் கேள்விக்குப் பதில் மதில்மேல் வரிசையாக இருந்திருக்கிறது. நான் அதில் டீ குடித்திருக்கிறேன்.

27.6
இதுவரை குறித்த ‘இல்லை’களையெல்லாம் அடித்துத் திருத்தினேன்.

9.7
போக முகமில்லை. போனேன். திலீபன் மெலிந்து உட்கார்ந்திருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். ஒரு கோப்பையை நீட்டினான். அடி கோணல், வைத்தால் ஆடுகிறது. “இது உங்களுதுக்கா. இனிமே இதுல குடிங்க” என்றான். அழுதேன்.

23.7, திங்கள்
பாஞ்சாலை அக்காவுக்கு சேத்தியாத்தோப்பில் மகளைப் பார்க்கப் போக வேண்டும். “சாயந்தரம் வந்துடுவேன். கோப்பைய பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பேட்டி எதுவும் எடுக்கவில்லை. நோட்டைத் திறக்கக்கூட இல்லை. மூன்று கவிழ்ந்தன. மூன்றும் நிமிர்ந்தன. மூவருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கல் என்றார்கள்.