நழுவாத கால்சட்டை

என் வீட்டு உம்மணாமூஞ்சிக்கு,

நம் ஊரில் பிறந்த அந்தப் பழைய சிரிப்பு நடிகருக்கு வருஷா வருஷம் விழா. அவர் வேஷம் உங்களுக்கு. கால்சட்டைப் பைக்குள் இருக்கும் கயிற்றை நீங்கள் இழுக்க, கால்சட்டை நழுவ, முன்வரிசையில் மருந்துக்கடைக்காரி விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கட்டும், எனக்கென்ன?

நேற்று மாத்திரை வாங்கப் போனபோது, "உங்க வீட்டுக்காரர் இருந்தா வீடே கலகலன்னு இருக்குமேக்கா!" என்றாள். வீட்டில் உங்கள் வாயிலிருந்து உதிர்வது "உப்பு கம்மி" மட்டும்தான்.

பொறாமை எல்லாம் இல்லை. கயிற்றை உருவிவிட்டு, நழுவாதபடி இடுப்பில் நாலு தையல் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

கயிற்றைத் தேடிய கையில் இந்தக் கடிதம் அகப்பட்டிருக்கும். மேடையில்தானே நிற்கிறீர்கள்? நிமிர்ந்து பாருங்கள். இன்று கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும்தான் சிரிக்கிறாள்.

இப்படிக்கு,
கால்சட்டை தைத்துத் தந்த உங்கள் மனைவி