செம்பருத்திச் செடிக்குப் பின்னால்

சிராங்கூன்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி மருதப்பனுக்கு,

வணக்கம். பூவம்மா அக்கா எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாமல் கடைசிவரை படியுங்கள். நான்கு முறை போனில் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான். போன வாரம் தோ பாயோ கோயிலில் உங்கள் அக்கா மகன் ஜெய்யைப் பார்த்தேன். நீங்கள் மலேசியாவில், குளுவாங்கில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்லி முகவரி கொடுத்தான். பேத்தி பிறந்திருக்கிறாளாமே, மிகவும் சந்தோஷம். பேத்தியைப் பார்க்கப் போவதாகத்தான் எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனீர்களாம். புல் வெட்டும் வேலை போனதால்தான் போனீர்கள் என்பது ஜெய்க்கு மட்டும்தான் தெரியுமாம். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நம் புல்தரையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகும், களையாக வந்த அந்த அருகம்புல் அடங்கவில்லை. பதினோரு வருடமாக நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த கவ் கிராஸ் புல்லை மூடிக்கொண்டு, கார் நிறுத்தும் இடம்வரை வந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? என் வீட்டுக்காரரை ஜாலான் புசார் கடைக்கு விரட்டி, களைக்கொல்லி வாங்கிவரச் சொல்லி, நானே அடித்தேன். இரண்டு வாரத்தில் எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. ஒழிந்தது சனியன் என்று இருந்தேன். அடுத்த மாதம் அருகம்புல் மட்டும் பச்சைப் பசேலென்று திரும்பி வந்தது. கவ் கிராஸ் செத்தது செத்ததுதான். ஒட்ட வெட்டக் கூடாது, கவ் கிராஸ் கொஞ்சம் உயரமாக நின்று நிழல் கொடுத்தால்தான் அருகம்புல் அடங்கும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். கம்பளம் மாதிரி இருக்க வேண்டும் என்று ஒட்ட வெட்ட வைத்தவள் நான்.

கடைசியில் இல்ஹாம் என்ற பெண்ணை வரவழைத்தேன். தோட்ட வேலை படித்தவள். அவள் மருந்து ஒன்றும் எடுக்கவில்லை. தரையில் மண்டியிட்டு, ஒரு கொடியைப் பிடித்து அது போகிற வழியே நகர்ந்துகொண்டே போனாள். இன்னொன்றைப் பிடித்தாள். எல்லாம் போய் நின்ற இடம் செம்பருத்திச் செடியின் பின்பக்கம். அங்கே ஒரு கொத்தை வேரோடு பெயர்த்தாள். வேருக்குள் வெள்ளை நூல் சிக்கியிருந்தது, மாலை கட்டின முடிச்சோடு. அவள் நிமிர்ந்து பார்த்து, "ஆன்ட்டி, இங்க சாமி மாலை போடுவீங்களா?" என்று கேட்டாள்.

போடுவேன், தம்பி. சங்கடஹர சதுர்த்தி தவறாமல் லிட்டில் இந்தியாவில் அருகம்புல் மாலை வாங்கிப் பிள்ளையாருக்குப் போடுகிறேன். சாமி மேல் கிடந்ததைக் குப்பைத் தொட்டியில் போட மனசு வருமா? கால் மிதிபடாத இடம் என்று அந்தச் செடிக்குப் பின்னால்தான் வருடக்கணக்காகப் போட்டேன். வாடின புல்தானே, மக்கிவிடும் என்று இருந்தேன். ஒரு கணு பிழைத்தால் போதுமாம், வேர் விட்டுவிடுமாம்.

அன்றைக்கு அதை யோசிக்காமல், உங்கள் புல் வெட்டும் மெஷினில் ஒட்டிக்கொண்டுதான் களை வருகிறது, ஜாக்கிரதை என்று எங்கள் வரிசை வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆறு வீடு ஒரே வாரத்தில் உங்களை நிறுத்திவிட்டது. எங்கள் கேட்டுக்குள் வரும் முன்பு ஒவ்வொரு முறையும் நீங்கள் மெஷின் பிளேடைக் கழுவுவீர்கள். தண்ணீர் வீணாகிறது என்று அதற்கும் முணுமுணுத்தவள் நான். கழுவினதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பழி போட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. எழுதவே கூசுகிறது. போன தீபாவளிக்கு ஒரு பிரம்புக் கூடை கொண்டுவந்து செம்பருத்திப் பக்கம் வைத்தீர்கள். "அக்கா, சாமிப் பூவெல்லாம் இதுல போட்டு வைங்க, நானே ஆழமாப் புதைச்சிடுறேன்" என்றீர்கள். என் வீட்டுச் சாமிப் பூவை எங்கே போடுவது என்று நீ சொல்ல வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, கூடையில் வெங்காயம் போட்டு வைத்தேன். அப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பழி போட்ட அன்றைக்காவது, உங்கள் மாலைதான் காரணம் என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். "சரிக்கா, பரவால்ல லா" என்று மட்டும் சொல்லிவிட்டு, புல் வாரும் ரேக்கை எடுத்துக்கொண்டு போனீர்கள். அந்த "பரவால்ல" இன்னும் என் காதில் இருக்கிறது.

தப்பு முழுக்க என்னுடையது. என்னை மன்னித்துவிடுங்கள். அதே குழுவில், நூல் சிக்கிய வேரைப் படம் எடுத்துப் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டேன். அந்த ஆறு வீட்டில் திருமதி டான், நீங்கள் வரும்வரை வேறு ஆளை வைக்க மாட்டேன் என்று சொன்னார். சாகுல் ஹமீது எனக்கு நன்றாகத் திட்டு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். மற்ற நான்கு வீடும் இன்னும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று சொல்லப்போகிறேன்.

தரையைத் தோண்டி, வேரையெல்லாம் பொறுக்கிக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். இரண்டு மாதம் ஆகுமாம். அதற்குப் பிறகு புதுப் புல் பதிக்க வேண்டும். பதிக்க ஆள் சொல்லட்டுமா என்று இல்ஹாம் கேட்டாள். வேண்டாம், ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. வெங்காயத்தைக் கொட்டிவிட்டுக் கூடையைக் கழுவி, நீங்கள் வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். நேற்றைய மாலை அதில்தான் கிடக்கிறது.

பேத்தி நூறு வருடம் நன்றாக இருக்கட்டும். வேலைக்கு வர மனம் இல்லாவிட்டாலும் ஒருமுறை வாருங்கள் தம்பி. பதினோரு வருடமும் கார் பக்கத்தில் நின்றபடியே கோப்பி குடித்துவிட்டுப் போனீர்கள். ஒருநாள்கூட உள்ளே வாருங்கள் என்று நான் சொன்னதில்லை. இந்த முறை கேட்டில் நின்று கூப்பிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களை எதிர்பார்த்திருக்கும் அக்கா,
பூவம்மா சுப்பிரமணியம்