ஓரத்தில் நிற்கும் பெண் மட்டும் பச்சை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே கல்யாண ஆல்பம். பழைய கலர் பிரிண்டுகள், எல்லாம் செக்கச்செவேலென்று கிடக்கின்றன. மாப்பிள்ளை, மாமனார், பின்னால் எட்டிப் பார்க்கும் யாரோ ஒருவர், எல்லோருக்கும் ஒரே நாளில் அம்மை போட்ட மாதிரி. ஸ்கேன் செய்து, சிவப்பை எடுத்து, ஒவ்வொன்றாக பிரிண்டுக்கு அனுப்பினேன்.

முகத்தை வைத்து நிறத்தைச் சரிசெய்யக் கூடாது. முகம் ஏமாற்றும். சட்டைக் காலர், பல், கைக்குட்டை என்று வெள்ளையாக இருந்தே தீர வேண்டியது எது என்று தேடுவேன். அதை வெள்ளையாக்கினால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

"நீ போட்டோவ முறைக்கிற முறைப்புல போட்டோவே பயந்து உண்மையச் சொல்லிடும்" என்றார் கடை முதலாளி. வீட்டுக்காரரும் இதையேதான் வேறு மாதிரி சொல்கிறார். சொல்லட்டும். அவர் மட்டும் என்ன யோக்கியம்? ஒரு வாரமாகப் போன் வந்தால் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறார். யாரிடம் பேச்சு?

மார்ச் 6, வியாழன்

ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தையல் வேலை என்றார், விரல் நுனிகளில் தழும்பு. பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு ஃபிரேம் போட்டோவை எடுத்தார். நாற்காலியில் ஒரு அப்பா, ஒரு அம்மா, அம்மா மடியில் கைக்குழந்தை, ஓரத்தில் பத்து வயதுப் பெண் நிற்கிறாள். எல்லாம் சிவப்பு.

"செவப்ப எடுத்துட்டு ரெண்டு காப்பி வேணும்மா. கொஞ்சம் அவசரம்."

"வச்சிட்டுப் போங்க, சனிக்கிழமை வாங்க."

"வச்சிட்டுப் போக முடியாதும்மா. நீங்க ஸ்கேன் பண்ணுங்க, நான் இங்கயே நிக்கிறேன்."

நின்றார். நான் கண்ணாடியைத் துடைத்து, போட்டோவை வைத்து, மூடியை மூடும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் என்ன, தின்றுவிடுவோமா? ஸ்கேன் முடிந்ததும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நான் நினைத்தது சரி.

அப்பாவின் சட்டையை வெள்ளையாக்கினேன். உடனே அவர் முகம், அம்மாவின் முகம், குழந்தையின் துணி எல்லாம் சரியான நிறத்துக்கு வந்தன. ஓரத்தில் நிற்கும் பெண் மட்டும் பச்சை. வாந்தி எடுக்கப் போகிற பிள்ளை மாதிரி. மறுபடி சிவப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். அவள் சரியானால் மற்றவர்கள் கெட்டுப்போகிறார்கள், அவர்கள் சரியானால் இவள் பச்சை.

ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நின்றவர்களுக்கு இப்படி ஆகாது. பெரிதாக்கிப் பார்த்தேன். முடியைச் சுற்றிக் கத்தரி போன தடம். மற்றவர்களுக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம், இவளுக்கு நேர் மேலேயிருந்து. எங்கேயோ எடுத்த படத்தை வெட்டி, இந்தக் குடும்பத்தின் பக்கத்தில் ஒட்டி, மறுபடி போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஒட்டு வேலை. அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?

மார்ச் 10, திங்கள்

தெரிந்திருக்கிறது!

திரையைத் திருப்பிக் காட்டினேன். திடுக்கிடவே இல்லை. "என்னை மட்டும் பச்சையா காட்டுதா?" என்றார். என்னை! ஆக, அந்தப் பெண் இவர்தான்.

"மத்தவங்க மாதிரியே என்னையும் ஆக்கிடுங்கம்மா. வித்தியாசம் தெரியக் கூடாது."

"எதுக்கும்மா இந்தப் போட்டோ?"

"ஒரு எடத்துல காட்டணும்."

எந்த இடம், யாருக்கு, ஒன்றும் சொல்லவில்லை. முதலாளியைப் பார்த்தேன். "பண்ணிக் குடு, நமக்கெதுக்கு வம்பு" என்று கண்ணாலேயே சொன்னார். முகம், கை, கால் மட்டும் தேர்ந்தெடுத்துப் பச்சையை எடுத்தேன். கவுனைத் தொடவில்லை. அரக்கு நிறக் கவுன், தோளில் சுருக்கு வைத்தது. அதில் வித்தியாசம் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

பிரிண்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இப்ப எல்லாரும் ஒண்ணா இருக்கோம்" என்றார். எவர் வீட்டுக்குள்ளேயோ நுழைவதற்கு நான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

வீட்டுக்காரரைப் பின்தொடர்ந்து மாடிக்குப் போனேன். தன் அண்ணனிடம் முழங்கால் வலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "கீழ டவர் இல்லடி!" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கீழே வந்து சோதித்துப் பார்த்தேன். உண்மையிலேயே டவர் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

மதியம் ஒருவர் வந்தார். தேய்த்த சட்டை, நல்ல பேச்சு. கையில் நான் கொடுத்த பிரிண்ட். பின்பக்கம் எங்கள் கடை முத்திரை இருப்பதைப் பார்த்து வந்திருக்கிறார்.

"இதுல வேலை பாத்தது நீங்கதானா மேடம்? மடியில இருக்கற குழந்தை நான். இது எங்க அப்பா, அம்மா. ஓரத்துல நிக்கிற பொண்ணு எங்க கூடப் பொறந்தவ இல்ல. வீட்டு வேலைக்கு வந்தவங்களோட பொண்ணு. எங்க அப்பாதான் பாவம்னு தன் பேரையே குடுத்துப் படிக்க வச்சாரு. இப்ப நான்தான் மகள்னு கெளம்பியிருக்கா. எங்கம்மாவுக்கு எண்பது வயசு, நினைவு தப்பிப்போச்சு, முதியோர் இல்லத்துல வச்சிருக்கேன். அங்க போய் இந்தப் போட்டோவக் குடுத்துத் தொல்லை பண்றா. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது ஒட்டுனதுதானே?"

ஒட்டியதுதான். இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

"ஆமா சார். அந்தப் பொண்ணு மட்டும் வேற போட்டோ."

"இத அப்படியே அந்த இல்லத்து மேட்ரன்கிட்ட சொல்லிடுங்க மேடம், புண்ணியமாப் போகும்" என்று போனை நீட்டினார். ஏற்கெனவே மணி அடித்துக்கொண்டிருந்தது. மறுமுனையில் ஒரு பெண் குரல். கத்தரித் தடம், வெளிச்சம், பச்சை எல்லாவற்றையும் சொன்னேன். "சரிம்மா, நன்றி" என்று வைத்துவிட்டார்.

திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ போலீஸ் வேலைக்கே போயிருக்கலாம்" என்றார். பாராட்டா, கிண்டலா?

மார்ச் 19, புதன்

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான் என்ன சொல்வேன் என்று தெரிவதற்கு முன்பே அந்த ஆள் எப்படி நம்பரை அடித்து வைத்திருந்தான்?

மார்ச் 24, திங்கள்

அந்த அம்மா வந்தார். சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன். போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"இல்லத்துக் கேட்டுலயே நிறுத்திட்டாங்கம்மா. போட்டோக் கடையிலேயே சொல்லிட்டாங்களே, இன்னும் என்ன பேச்சுன்னு கேட்டாங்க."

"ஒட்டுனது ஒட்டுனதுதானே" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒட்டுனதுதான். யாரு இல்லன்னா? எனக்கு அப்ப கால் எலும்புல சீழ் வச்சு ஆறு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தேன். தம்பி பொறந்தான், குடும்பமா போட்டோ எடுக்கப் போனாங்க. நான் இல்லாம போட்டோவச் சுவத்துல மாட்ட மாட்டேன்னு அம்மா ஒரே பிடிவாதம். அப்பா அந்த ஸ்டூடியோக்காரரையே வார்டுக்குக் கூட்டிட்டு வந்து என்னையும் எடுத்து, சேத்துப் போடச் சொன்னாரு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"ஒட்டுனதுன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க? நீங்க நம்பியிருப்பீங்களா?"

தம்ளரை வாங்கி வைத்தேன். வீட்டை விற்க அம்மாவின் கைநாட்டைத் தம்பி வாங்கப் பார்த்தானாம், இவர் குறுக்கே நின்றாராம். "அன்னையிலேர்ந்து நான் அவனுக்கு அக்கா இல்ல, இல்லத்துலயும் உள்ள விடக் கூடாதுன்னுட்டான்" என்றார். எழுந்து போகும்போது லேசாகக் கால் இழுப்பதைப் பார்த்தேன். இத்தனை நாள் அதை ஏன் பார்க்கவில்லை?

ஆனால் கால் இழுத்தால் மகளாகிவிடுமா? வேலைக்காரப் பெண்ணின் பிள்ளைக்கும் கால் வலிக்கும். கதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவனும் கதைதான் சொன்னான், இவரும் கதைதான் சொல்கிறார். நான் யாரை நம்புவது?

மார்ச் 25, செவ்வாய்

முதலாளி வருவதற்கு முன்பே கடையைத் திறந்து அந்த ஸ்கேனை எடுத்தேன். திருத்தியதை அல்ல, முதலில் எடுத்ததை.

நான் ஒரு மடச்சி. அந்தப் பச்சை எனக்குத் தெரியாத பச்சையா? பழைய ஃபிலிமில் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் இதே பச்சைதான் விழும். ஆபீஸ் படம், வகுப்பறைப் படம், வார்டுப் படம் என்று எத்தனை முறை இதை எடுத்துத் தூரப் போட்டிருக்கிறேன்! தலைக்கு நேர் மேலே டியூப் லைட். வீட்டு வேலைக்கு வந்த பிள்ளையை யார் போய் டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்திப் படம் எடுப்பார்கள்? சரி, எடுத்திருக்கலாம். ஆபீஸாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம். டியூப் லைட் இருந்தால் வார்டு என்று அர்த்தமா? நம்பாதே, பார்.

இந்த முறை அவளை முழுதாகத் தேர்ந்தெடுத்தேன். அன்று சோம்பலில் விட்ட கவுனையும் சேர்த்து. பச்சையை மெதுவாக எடுத்தேன். தோளில் இருந்த சுருக்குகள் மட்டும் அரக்கு நிறத்துக்கு வரவில்லை. தோல் நிறத்துக்கு வந்தன.

சுருக்கு இல்லை. விரல்கள். நாலு விரல்கள்.

யாரோ பின்னால் நின்று அந்தப் பிள்ளையைத் தோளில் பிடித்திருக்கிறார்கள். நிற்க முடியாத பிள்ளை, பிடிக்காவிட்டால் விழுந்திருக்கும். ஸ்டூடியோக்காரர் ஆளை வெட்டிவிட்டார், விரல்களை வெட்டினால் கவுன் கிழியும் என்று விட்டுவிட்டார் போல. இந்த விரல்கள் அவளுடைய படத்தோடு சேர்ந்து வந்தவை, குடும்பப் படத்தில் இருந்தவை அல்ல. அப்படியானால் இது யார் கை? நர்ஸா? அந்த வேலைக்காரம்மாவா?

பெரிதாக்கினேன். ஒரு விரலில் மோதிரம். மூன்று கல் வைத்தது, நடுக்கல் இல்லை, அந்த இடத்தில் குழி. பிறகு நாற்காலி அம்மாவின் கையைப் பெரிதாக்கினேன். குழந்தையின் இடுப்பில் இருக்கும் கை. மூன்று கல், நடுவில் குழி.

அய்யோ. நான் என்ன பண்ணித் தொலைச்சேன்? போனை வாங்கி, வாய் கூசாம, நீட்டி முழக்கி... கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தா போதாதா? மோப்பம் புடிச்ச பெருமை எனக்கு! பெத்த அம்மாவப் பாக்க வந்தவங்கள கேட்டுல நிறுத்த வச்சிட்டேனே.

மார்ச் 26, புதன்

இரண்டு கைகளையும் பெரிதாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பிரிண்ட். முதலாளியிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். நமக்கெதுக்கு வம்பு என்று இந்த முறை சொல்லவில்லை. "மேட் பேப்பர்ல போடு, வெளிச்சம் அடிக்காது" என்றார்.

தையல்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். வழியில் பிரிண்டை அவரிடம் கொடுத்தேன். பஸ்ஸில் அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்து வந்தார்.

மேட்ரன் கறாரான ஆள். "அன்னைக்கு நீங்கதானே போன்ல ஒட்டுனதுன்னு சொன்னீங்க? இன்னைக்கு இவங்ககூட வந்து நிக்கிறீங்க. எவ்வளவு வாங்குனீங்க?" என்றார்.

சுருக்கென்றது. கேட்கத்தான் செய்வார். அவர் இடத்தில் நான் இருந்தால் முதல் கேள்வியே அதுதான்.

"ஒட்டுனதுதான் மேடம், அதுல மாற்றமில்ல. யாரு ஒட்டச் சொன்னாங்கன்னு நான் அன்னைக்குப் பாக்கல. இந்த விரலப் பாருங்க."

பிரிண்டை வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார். பிறகு என்னிடம் பேசாமல் தையல்கார அம்மாவிடம் திரும்பினார்.

"இந்த மோதிரம் அவங்க விரல்ல இப்பவும் இருக்கும்மா. வந்த அன்னைக்குக் கழட்டி வைக்கலாம்னு சோப்பு போட்டுப் பாத்தோம், வரல."

மேஜைப் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார்.

"சார், உங்க அக்கா வந்திருக்காங்க. நான் உள்ள விடறேன். உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா நேர்ல வாங்க."

மறுமுனையில் கத்துவது எனக்கே கேட்டது. மேட்ரன் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 31, திங்கள்

தம்பிக்காரன் கடைக்கு வருவான் என்று தினமும் வாசலையே பார்க்கிறேன். வரவில்லை. வீட்டு விவகாரம் வக்கீல் கைக்குப் போய்விட்டதாம். அது எந்தப் பக்கம் சாயுமோ.

ஏப்ரல் 6, ஞாயிறு

தையல்கார அம்மா கூப்பிட்டார், இல்லத்துக்குப் போனேன். வீட்டுக்காரரும் வந்தார். "சந்தேகமா இருந்தா நான் வெளியவே நிக்கிறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஜன்னல் ஓரக் கட்டில். அந்த வயதான அம்மா போட்டோவில் நாற்காலியில் இருப்பதைவிட ரொம்பச் சிறுத்துவிட்டிருக்கிறார். மகள் தலை வாரிக்கொண்டிருந்தார். முடி கொஞ்சம்தான், ஆனாலும் வகிடு எடுத்து, பொறுமையாக. நகம் வெட்டிவிட்டார். தான் தைத்துக் கொண்டுவந்த தலையணை உறையை மாற்றினார். என்னை யார் என்று அந்த அம்மா கேட்கவில்லை. மகளைத்தான் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் வந்து இவ்வளவு பண்றியே, நீ யாரு பெத்த பொண்ணும்மா?" என்றார்.

மகள் உறையின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். "உங்கள மாதிரி ஒருத்தங்க" என்றார்.

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"போய்ப் பாக்கறியா அவங்கள?"

"போறேன்மா."

"அடிக்கடி போ. பாவம், எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, வாரிய தலையைக் கலைத்து மறுபடி முதலிலிருந்து வார ஆரம்பித்தார்.