பலகையில் கோணல் இல்லை

பிப்ரவரி 3

சரி மாஸ்டருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது. உங்களை விட்டுத் தனியாக வீடு எடுத்து வந்தபிறகு உங்களிடம் நான் கேட்கும் முதல் உதவி இது. அதற்காக மிதப்பில் இருக்க வேண்டாம்.

புதிய நூலகக் கட்டடத்தைப் படம் பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. கட்டியவர் ஒரு பெண். பெரிய மரக் கேமராவில்தான் எடுக்க வேண்டும், தூண்கள் தூண்களாக நிற்க வேண்டும் என்கிறார். அதற்காகவே பழைய லென்ஸ் ஒன்று வாங்கினேன். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது, அப்படி ஒரு லென்ஸ். ஆனால் அதன் கழுத்து பெரிது, அதைத் தாங்கிக் கேமராவில் மாட்டும் தகட்டுப் பலகையின் ஓட்டை சிறிது. இங்கே ஒரு வெல்டிங் கடையில் கொடுத்தேன். "இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்று துளை போடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பலகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

பலகையும், அளவு பார்க்க லென்ஸின் பூட்டு வளையமும் பார்சலில் வருகின்றன. குடைந்து அனுப்புங்கள். போன் வேண்டாம். போன் என்றால் நான் பேசுவேன், நீங்கள் 'ம்' போடுவீர்கள், நான் கத்துவேன்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயரில்,
கறுப்புத்துணி


பிப்ரவரி 11

கறுப்புத்துணிக்கு,

பார்சல் வந்தது. பலகையை லேத்தில் கட்டி, நடு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தேன். லென்ஸின் முதுகில் ஒரு சிறிய ஆணி துருத்திக்கொண்டு இருக்கும், அது உட்கார ஒரு காடி, சின்னப் பள்ளம், வெட்டியிருக்கிறேன். இனி லென்ஸ் தானாகத் திரும்பாது. உள்பக்கம் பளபளக்காத கறுப்பு அடித்தாயிற்று. வெளிச்சம் கசியாது.

நூலக வேலை கிடைத்ததை ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் சொன்னேன். கிரைண்டிங் அண்ணன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மாடிக் கதவு இன்னும் இடிக்கிறது. நீ இருந்தபோதே இழைத்திருக்க வேண்டும்.

சரி மாஸ்டர்


பிப்ரவரி 19

சரி மாஸ்டருக்கு,

கதவை இழைக்காதவர் பலகையை மட்டும் ஒழுங்காகக் குடைந்துவிடுவாரா என்ன?

லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. 'பரவாயில்லையே மனுஷன்' என்றுகூட நினைத்தேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நூலகத்தின் எதிரில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். பின்னால் படம் தலைகீழாக விழுமே, அந்த மங்கல் கண்ணாடியில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் தூண்களுக்குத் தொப்பை விழுந்திருக்கிறது! ஜன்னல் சட்டங்கள் நெளிகின்றன. நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்துத் தேய்த்தது போல ஒரு கறை. லென்ஸைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. லென்ஸைக் குறை சொல்ல முடியாது, நான் பார்த்து வாங்கியது. பலகைதான் கோணல். பேச்சுப் பராக்கில் குடைந்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் யாரோடு பேசப் போகிறீர்கள்?

வேறு செய்து அனுப்புங்கள். நூலகம் கட்டிய அந்த அம்மாவிடம் மழை மேகம் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

கறுப்புத்துணி


பிப்ரவரி 25

கறுப்புத்துணிக்கு,

சரி. புதுத் தகட்டில் வேறு பலகை செய்து அனுப்பியிருக்கிறேன். பிசகு என்னுடையதாகத்தான் இருக்கும். நீ அலையாதே, வெயிலில் தலைவலி வரும் உனக்கு.

சரி மாஸ்டர்


மார்ச் 6

சரி மாஸ்டருக்கு,

என்ன வேலை இது? வேண்டுமென்றே செய்கிறீர்களா?

இரண்டாவது பலகை முதல் பலகையைவிட மோசம். தொப்பை பெருத்திருக்கிறது. கறையும் பெரிதாகிவிட்டது, அதற்குள் ஒரு முழு ஜன்னல் காணாமல் போகிறது. கல்யாணமான புதிதில் நான் மங்கல் கண்ணாடியை உடைத்துவிட்டேன் என்று நீங்களே ஒன்று தேய்த்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்துக் கொடுத்தீர்களே, 'ஒரு மயிரிழை விலகாது' என்று பீற்றிக்கொண்டு? உங்கள் பலகை போட்டபிறகு அந்தக் கோடுகள்கூட வளைகின்றன. துணிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெளியே இரண்டு பேர் பேசிக்கொண்டது கேட்டது: "உள்ள ஆள் இருக்கா, இல்லையா?"

இனி உங்களை நம்பிப் பயனில்லை. அந்த வெல்டிங் கடைக்காரரிடமே கொடுக்கிறேன்.

கறுப்புத்துணி


மார்ச் 9

கறுப்புத்துணிக்கு,

போன் செய்தேன். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். திரும்பத் திரும்ப அடித்தேன், நீ எடுக்கவே இல்லை. இதை உன் ஊருக்கு வரும் பஸ் டிரைவரிடம் கொடுத்து, கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கிழித்துப் போடாதே. படி.

மங்கல் கண்ணாடியில் இருக்கும் கோடுகள் நான் கிழித்தவை. அவை லென்ஸ் வழியாக வருவதில்லை. பலகை வழியாகவும் வருவதில்லை. கண்ணாடியிலேயே இருக்கின்றன. லென்ஸைக் கழற்று, பலகையைக் கழற்று, கண்ணாடியைத் தனியாக ஜன்னலில் சாய்த்து வை. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார். அப்புறம் மாற்றிப் பார். பூதக்கண்ணாடியை நீ வைப்பது வலது கண்ணில்தானே, அதில் மட்டும் கோடு வளைந்தால் அது பலகை இல்லை. உன் கண்.

உன் கடிதத்தை லேத் பக்கத்தில் நின்று படித்தேன். 'அந்தக் கோடுகள்கூட வளைகின்றன' என்ற வரியை இன்னொரு தரம் படித்தேன். மெஷினை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. கிரைண்டிங் அண்ணன்தான் ஓடி வந்து நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது. "எனக்கும் இப்படித்தான்டா ஆரம்பிச்சுது. கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதுன்னாங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு" என்றார். அவர் இப்போது ஒற்றைக் கண்ணால் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலகை சாய்ந்திருந்தால் படத்தின் ஒரு ஓரம் மங்கும், அவ்வளவுதான். நேர்க்கோடு நெளியாது. உன் முதல் புகாரிலேயே எனக்கு அது தெரியும். லென்ஸ்தான் மட்டமானது என்று நினைத்தேன். நீ ஆசையாக வாங்கியதைக் குறை சொல்ல மனம் வராமல் 'சரி' என்று எழுதினேன்.

இன்றே போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி மாஸ்டர்


மார்ச் 21

சரி மாஸ்டருக்கு,

கண்ணாடியை ஜன்னலில் வைத்தேன். இடது கண்ணுக்கு உங்கள் கோடுகள் ஒரு மயிரிழை விலகவில்லை. வலது கண்ணுக்கு நடுவில் கோடே இல்லை. இத்தனை நாளும் இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் சமைத்தேன், தெருவைக் கடந்தேன். துணிக்குள் போனால்தானே வலது கண் மட்டும். டிரைவர் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். "அவர் அழுதுட்டே குடுத்தாரும்மா" என்றார். அவர் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சின்னப் பெண். என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து, "ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க, கோடு நேரா இருக்கா?" என்றாள். அட்டை முழுக்கக் கட்டம். உங்கள் கண்ணாடியேதான்! நான் சத்தமாகச் சிரித்ததில் அவள் பயந்துவிட்டாள். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். கண்ணுக்குள்! இன்னும் போட வேண்டும். கசிவு நின்றிருக்கிறது, போன பார்வை திரும்பாது. "கோடு வளைய ஆரம்பிச்ச உடனே வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாம்" என்றாள். இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. தினமும் கட்டம் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் ஆறிவிட்டது. 'முதல் புகாரிலேயே எனக்கு அது தெரியும்' என்ற வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று ஊரே கேட்டது. அடித்தாரா, குடித்தாரா, வேறு யாராவதா? 'எல்லாவற்றுக்கும் சரி என்றார்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் தப்பென்றால் தப்பென்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் இல்லை. அதனால்தான் வந்தேன். அது என் கண்ணில் போய் முடியும் என்று நினைக்கவில்லை. 'பலகை இல்லை' என்று அன்றே எழுதியிருந்தால் லென்ஸை யாரிடமாவது காட்டியிருப்பேன், கோளாறு கண்ணில்தான் என்று அப்போதே தெரிந்திருக்கும். உங்களைக் கோபித்துக்கொள்ளக்கூட வரவில்லை.

அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். காத்திருப்பதாகச் சொன்னார். இனி இடது கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதனால் மூன்றாவதாக ஒரு பலகை வேண்டும், ஓட்டையைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிக் குடைந்து. என் கண்ணுக்கு நேராகப் படம் விழும் அல்லவா?

பதில் போடுங்கள்.

கறுப்புத்துணி


மார்ச் 25

கறுப்புத்துணிக்கு,

முடியாது.

நீ சொல்வது தப்பு. எந்தக் கண்ணால் பார்த்தாலும் கண்ணாடியில் படம் விழுகிற இடத்தில்தான் விழும். நகர வேண்டியது ஓட்டை இல்லை, உன் தலை. மூன்றாவது பலகை செய்ய மாட்டேன். இரண்டில் எதிலும் கோணல் இல்லை. பூதக்கண்ணாடியை இடது கண்ணில் வைத்துப் பழகு. கஷ்டமாக இருக்கும், எரிச்சல் வரும், பழகு.

லென்ஸையும் தப்பாக நினைத்துவிட்டேன். நல்ல லென்ஸ். அந்தச் சந்தேகத்தையும் அன்றே உன்னிடம் சொல்லவில்லை.

என் 'சரி' உன் கண்ணைத் தின்றுவிட்டது. அதைப் படித்ததிலிருந்து லேத் பக்கம் போகவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். நீ மன்னித்தால் நான் மறுபடியும் நிம்மதியாக 'சரி' என்று உட்கார்ந்துவிடுவேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வரலாமா என்று கேட்கவில்லை, வருகிறேன். முதலில் நீ எனக்கு முன்னால் உட்கார்ந்து இடது கண்ணால் கட்டம் பார்க்க வேண்டும். அப்புறம் கேமராவை நான் தூக்கிக்கொள்கிறேன், நூலகத்துக்குப் போவோம்.

உன் கடைசிக் கடிதத்தில் வரிகள் எல்லாம் கீழே சரிகின்றன. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகளை ஒன்றின் மேல் ஒன்றாக எழுதியிருக்கிறாய், படிக்க முடியவில்லை. என்ன எழுதினாய் என்று நேரில் சொல்.

உன் லேத்காரன்