செத்தவர் சேலை வேண்டாம் என்றவளுக்கு

என் செல்விக்கு,

நீ போய் முப்பது நாள் முடியவில்லை. அதற்குள் ஒரு வழக்கோடு உன் முன்னால் வந்து நிற்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நாம் முதன்முதலில் பேசியதே சண்டையில்தான். குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற பிள்ளைகளுக்காக, விருதுநகரில் எங்கள் வீட்டில் நாலு பெண்கள் கூடி கம்பளி நூலில் தொப்பி பின்னுவோம். தாய்மார்கள் அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். பிள்ளையின் தலை வெறுமனே கிடக்கும். நன்றியில்லாத சனம் என்று நான் வார்டு வாசலில் நின்று கத்தினேன்.

அன்று உன் மகனும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தான். தாயில்பட்டியிலிருந்து வந்து மூன்று வாரமாகக் காத்துக் கிடந்த நீ எழுந்து வந்தாய்.

"ஏக்கா, பச்சப்புள்ளைக்கு யாராச்சும் புதுத்துணி போடுவாகளா? நல்லா வாழுறவுக கட்டுன பழந்துணிதான் மொதல்ல ஒடம்புல படணும். இது தெரியாமயா அம்புட்டும் பின்னி வச்சிருக்கீக?"

துணிக்கடை வைத்திருக்கிற வீட்டில் வாழும் எனக்கு அது தெரியவில்லை. பழந்துணி என்றாலே முகம் சுளிக்கிறவள் நான். உன்னால்தான் ஒவ்வொரு தொப்பிக்கும் உள்ளே பழைய நூல் சேலைத் துண்டு வைத்துத் தைக்க ஆரம்பித்தோம். கொதிநீரில் அலசி, நர்ஸம்மா பார்த்துச் சரி என்ற பிறகுதான் பிள்ளைக்குப் போகும். உன் மகன் பிழைத்து வீட்டுக்குப் போனதும் உன் சேலைக்கு வந்த மவுசைச் சொல்லவா? "தாயில்பட்டிக்காரி சேலை இருக்கா?" என்று கேட்டு வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருவாய். தொப்பியைத் தொட மாட்டாய். "எங் கையில பட்டாசு மருந்து இருக்குக்கா, எம்புட்டுக் கழுவுனாலும் போகாது" என்று தள்ளி உட்கார்ந்து எங்களை அதிகாரம் பண்ணுவாய். உனக்கு ஒரே ஒரு சட்டம்தான். "செத்தவுக சேலைய மட்டும் வாங்கிறாதீக."

செல்வி, உன் கம்பெனியில் வெடித்த சேதி கேட்ட அன்றே உன் தங்கச்சி முத்துவுக்கு வலி கண்டுவிட்டது. ஏழாம் மாதம். பெண் பிள்ளை. அதே அறை, அதே கண்ணாடிப் பெட்டி. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

நான் தொப்பியோடு போனேன். முத்து வாங்கவில்லை.

"எங்கக்கா சேலையில தச்சுக் குடுங்க. வேற யாரு சேலையும் வேண்டாம்."

அவள் மாமியார் குறுக்கே வந்தார். "வெடியில போனவ சேலையா? எம் பேத்தி தலையிலயா? வேண்டவே வேண்டாம்மா."

அந்த அம்மாளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது உன் சட்டம்தானே?

கடைசியாக நீ கொண்டுவந்த பச்சைச் சேலை என் அலமாரியில் இருந்தது. மூன்று நாள் எடுத்தேன், மடித்தேன், திரும்ப வைத்தேன். நீ அதைக் கொடுத்தபோது உயிரோடு இருந்தாய், சிரித்துக்கொண்டு இருந்தாய். அப்படியென்றால் அது செத்தவள் சேலையா, வாழ்ந்தவள் சேலையா? உன்னைத் தவிர நான் யாரைக் கேட்பேன்? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் உன் சேலையைத்தான் சொல்லும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போன பிறகும் உனக்கு ஒரு பழி வேண்டுமா?

நாலாம் நாள் வெட்டிவிட்டேன். அழுதுகொண்டேதான் தைத்தேன், தையல் கோணல். நீ பார்த்திருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பாய். முத்து தன் கையாலேயே பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. பிறகு தொப்பி ஓரத்தில் உன் சேலை கண்ணில் பட்டதும் அவரும் அழுதார்.

இதை எழுதும்வரை பிள்ளை எடை ஏறவில்லை. டாக்டர் "பார்ப்போம்" என்கிறார். அந்தச் சொல்லை நீயும் மூன்று வாரம் கேட்டவள்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன். யார் என்ன சொன்னாலும் அந்தத் தொப்பியைக் கழற்ற விடமாட்டேன். பிள்ளை முத்துவின் வீட்டுக்குப் போனாலும் அதோடுதான் போவாள். ஒருவேளை உன்னிடம் வந்தால், உள்ளே பச்சைத் துணி இருக்கிறதா என்று பார். உன் பிள்ளைதான். கையைப் பற்றி யோசிக்காமல் தூக்கிக்கொள்.

கூடப் பிறக்காவிட்டாலும் உனக்கு அக்காவான,
சபுரா