மணல்காரியின் மெட்டு

1799 பிப்ரவரி 18, திங்கள்

மாமா நேற்று வாசித்ததையே இன்றும் வாசித்தார்.

காலையில் காபி குடித்ததும் பியானோவில் உட்கார்ந்து மனதில் வந்ததை வாசிப்பது அவர் வழக்கம். அம்மா போன பிறகு நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்கிறேன். ஒருநாள் வந்தது மறுநாள் வந்ததில்லை.

பிப்ரவரி 21

இன்றும் அதேதான். குளிர்காலக் காய்ச்சலுக்குப் பிறகு, வாசிக்கும்போது சன்னலைச் சாத்தச் சொல்கிறார். தெருச்சத்தம் ஆகவில்லையாம். சாத்தினேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

மாமாவின் தவக்காலக் கச்சேரிக்கு ஒரு பிரபு வருகிறாராம். அவர் மாளிகைக்கு ஒரு இசைத் தலைவர் வேண்டுமாம். தினமும் இரவு விருந்து முடிந்ததும் யாராவது ஒரு மெட்டை முணுமுணுக்க, அதை அங்கேயே விரித்துப் புதிதாக வாசிக்க வேண்டும்.

"அதுல இவர அடிச்சுக்க வியன்னாவுல யாரு இருக்கா?" என்றார் அத்தை. "வேலை மட்டும் கிடைக்கட்டும், இந்த மூணாம் மாடிப் படிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு இறங்கிடுவேன்."

மாமா மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 27

மாமா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"ரெசி, கச்சேரி முடியறப்ப சபைகிட்ட மெட்டு கேப்பேன். நீ எந்திரிச்சு இத பாடணும்." மெதுவாகப் பாடிக் காட்டினார். தினமும் வாசிக்கிறாரே, அதன் தொடக்கம்.

"நானா மாமா?"

"உன்ன யாரு சந்தேகப்படுவா? வாயே இல்லாத பொண்ணு."

உண்மைதான். பள்ளியில் கேள்வி கேட்டால் எனக்கு வாய் திறக்காது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று கன்னியாஸ்திரி அனுப்பிவிட்டார். அதன் பிறகு மாமாதான் இசைத்தாளைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். கச்சேரியில் அவருக்குத் தாள் புரட்டுவது நான்தான்.

"விரலெல்லாம் ஓடுதும்மா. தலையிலதான் ஒண்ணும் வர மாட்டேங்குது. அத்தைகிட்ட சொல்லிடாத."

தலையாட்டினேன்.

ஒருநாள் ஏமாத்தலாம். பிரபு வீட்டுல தினமும் கேப்பாங்களே - அப்ப யாரு எந்திரிச்சுப் பாடுவா என்று படுக்கையில் யோசித்தேன்.

மார்ச் 2

சன்னலைச் சாத்தப் போகத் தாமதமாகிவிட்டது. கீழே மணல்காரி கூவினாள். பாத்திரம் தேய்க்கிற மணல் விற்பவள். குரலில் மேலே ஒரு இழுப்பு, பிறகு சறுக்கி விழுவதுபோல கீழே மூன்று சுரப் படி. மாமா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் இடது கை அந்தக் கூவலை எடுத்துக்கொண்டது. வலது கை அதற்குப் பதில் சொன்னது. நான் சன்னல் கொக்கியில் கை வைத்தபடி நின்றேன்.

அத்தை கூடையோடு உள்ளே வந்ததும் மாமா வாசிப்பதை நிறுத்திவிட்டார். "இன்னும் சாத்தலையா?" என்றார். பிறகு பழையபடி அதே.

தான் வாசித்தது அவருக்கே தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று மூன்று முறை அறை வாசல் வரை போனேன்.

மார்ச் 6

அத்தை என் சாம்பல் நிற கவுனை இடுப்பில் பிடித்துத் தைத்தார். "ஏன்டி இப்படி நெளியுற? வாசிக்கப் போறவரு அவரு."

மார்ச் 9

நேற்று கச்சேரி.

கடைசியில் மாமா எழுந்து வணங்கி மெட்டு கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவர் சொல்லித் தந்தது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லப் போவதில்லை. எழுந்து மணல்காரி கூவலைப் பாடினேன்.

சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவர், "எங்க வீட்டுச் சட்டியும் கரிதான், ரெண்டு படி போடு தாயி" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். கைகள் மடியிலேயே இருந்தன. ஐயோ, என்ன செஞ்சுட்டேன் என்று இருந்தது. பிறகு இடது கையால் அந்த மூன்று படியை இறங்கினார். நிறுத்தினார். மறுபடி இறங்கினார். நடுவில் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. புரட்டத் தாள் இல்லை என்பதை மறந்து நான் பாதி எழுந்துவிட்டேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். பிரபு மூக்குப்பொடி டப்பாவை மூடிக்கொண்டு, "சந்தைச் சத்தமெல்லாம் என் விருந்தாளிகளுக்கு ஆகாது" என்றாராம்.

மார்ச் 11

வேலை லின்ஸ் ஊர்க்காரர் ஒருவருக்கு.

"உலகத்துல வேற பாட்டே கிடைக்கலையாடி உனக்கு?" என்றார் அத்தை. மாமா வீடு வந்ததிலிருந்து என்னிடம் பேசவில்லை. பியானோவைத் திறக்கவும் இல்லை.

மார்ச் 12

காபி கொண்டுபோனேன்.

"நான் சொன்னத பாடியிருந்தா வேலை கிடைச்சிருக்கும்" என்றார்.

"ஆமா மாமா."

"போயிருப்பேன்." காபியை ஊதினார். "மறுநாள் ராத்திரி என்னத்த வாசிச்சிருப்பேன்?"

கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு பியானோ மூடியைத் திறந்தார். விரல்கள் கட்டைமேல் இருந்தன, அழுத்தவில்லை.

மணல்காரி வரும் நேரம். நான் போய்ச் சன்னலைத் திறந்தேன்.